ரேடியோவில் சொன்ன சாவு

என் நாத்தனார் செத்துப்போன செய்தியை ரேடியோவில் சொன்னது நான்தான். அந்த நாளைப் பற்றிச் சொல்லப் போனால் முதலில் அந்த ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கே அலுப்பாக இருக்கிறது. ஆனால் எங்கள் சனத்தில் ஆளுக்கொரு விதமாக அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் இருக்கும்போதே நானே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சுனாமி வந்தபோது கடலோர சனங்களுக்கு உதவி செய்ய எத்தனையோ சங்கங்கள் வந்தன, போயின. ஒரு சங்கம் மட்டும் போகவில்லை. சில வருஷம் கழித்து அவர்கள்தான் அந்தச் சின்ன ரேடியோவை ஆரம்பித்தார்கள். இரண்டே அறை. வெளியே ஒரு உயரமான கம்பம். உள்ளே சுவர் முழுக்க மெத்தை மாதிரி ஒட்டி வைத்திருப்பார்கள். நம் பேச்சு நமக்கே திரும்பக் கேட்காது. சுற்றுவட்டாரத்துக்கு மட்டும்தான் அது எட்டும். சிதம்பரத்தில் அரைகுறையாகக் கேட்கும். கடலூருக்கெல்லாம் போகாது.

நூறு நாள் வேலையில் வாய்க்கால் கரையில் மண் வாரிக்கொண்டிருந்தபோது, குடிதண்ணீர் குழாயைப் பற்றி ஒரு ஆபீசரிடம் சத்தம் போட்டேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சங்கத்துப் பெண் ஒன்று கிட்டே வந்தது.

"அம்மா, இதையே மைக்குல பேசுவீங்களா?"

"பேசுனா தண்ணி வருமா?"

"வரலாம்மா."

"அப்ப பேசறேன்."

பேசினேன். தண்ணீரும் கொஞ்ச நாள் கழித்து வந்தது. நான் பேசியதால் வந்ததா, ஓட்டு வந்ததால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் என் பேச்சுக்கு வந்தது என்றுதான் சொன்னார்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை. அதிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் என்று போய், பிறகு தினம் காலையில் என்றாகிவிட்டது.

எனக்குப் படிப்பு கிடையாது. எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அந்தப் பெண்ணை மைக் பெண் என்றுதான் சொல்வேன். அது பேப்பரில் இருப்பதை என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படிக்கும். நான் கேட்டுக்கொண்டு என் பேச்சில் சொல்வேன். ரேஷனில் மண்ணெண்ணெய் எந்தத் தேதியில் ஊற்றுகிறார்கள், மாட்டுக்கு ஊசி போட டாக்டர் எந்த ஊருக்கு வருகிறார், பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, எல்லாம் நான் சொல்ல வேண்டும். அப்புறம் சனங்கள் போன் பண்ணுவார்கள். அவர்கள் குறையைக் கேட்டு நான் பதில் பேச வேண்டும். என்னிடம் பதில் ஏது? "பாக்கறோம்மா, சொல்றோம்மா" என்பேன். அதே குழாய், அதே சாக்கடை, அதே எரியாத லைட்டு. வருஷம் மாறும், குறை மாறாது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் களை எடுத்துவிட்டு வந்த மாதிரி உடம்பு விட்டுப்போகும். வாயால் செய்கிற வேலைக்கு இடுப்பு ஏன் வலிக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

இதில் அரசியல் பேசக் கூடாது என்று வேறு சட்டம். சாக்கடை அடைத்திருக்கிறது என்று சொல்லலாம். அடைப்பை எடுக்காதது யார் என்று சொல்லக் கூடாது. ஒருநாள் எங்கள் வார்டு மெம்பர் நிலையத்துக்கே வந்துவிட்டான். எனக்குத் தம்பி முறை வேண்டும்.

"என்னாக்கா, என்னப் பத்தி ரேடியோவுல பேசுனியாமே?"

"உன் பேரச் சொன்னனா?"

"வாய்க்கா தூர்ந்து கெடக்குதுன்னு சொன்னியே."

"வாய்க்காங்கறது உன் பேராடா?"

மைக் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. அவனும் சிரித்துவிட்டான். ஆனாலும் வாய்க்கால் அப்படியேதான் கிடந்தது.

சாவு சொல்வது எப்படி வந்தது என்றால், யாரோ ஒருத்தர் ஒருநாள் காலையில் போன் பண்ணி, "எங்கப்பா தவறிட்டாரும்மா, சொந்தக்காரங்க நாலா பக்கமும் இருக்காங்க, கொஞ்சம் சொல்லிடுங்க" என்று அழுதார். சொன்னோம். அதற்கப்புறம் தினம் ஒன்று, இரண்டு என்று வர ஆரம்பித்துவிட்டது. மைக் பெண்ணுக்குச் சின்ன வயசு; சாவு சொன்னால் குரல் நடுங்கும். அதனால் அந்த வேலையும் என் தலையில் வந்தது.

அதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. வெளியாருக்குத் தெரியாது, எங்கள் தெருவுக்குத் தெரியும். என் மாமனார் சாவு சொல்லப் போகிறவர். மேல்சாதிக்காரர்கள் இருக்கிற ஊர்த் தெருவில் எந்த வீட்டில் யார் செத்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். வெயிலோ மழையோ, சேத்தியாத்தோப்பு வரைக்கும் நடந்து போய், சம்பந்தி வீட்டு வாசலில் எட்ட நின்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஒரு வாய்த் தண்ணீரைக்கூடக் கையில்தான் ஊற்றுவார்கள். எங்கள் சனத்துக்கு விதித்த வேலைகளில் அது ஒன்று. என் வீட்டுக்காரர் இளவட்டமாக இருந்தபோது, இனிமேல் எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர்களில் அவரும் ஒருத்தர். அதற்காகப் பட்டதெல்லாம் தனிக் கதை. எங்கள் பிள்ளைகள் படித்ததும் ஆபீசுக்குப் போனதும் அதற்கப்புறம்தான்.

அப்படிப்பட்ட வீட்டு மருமகள் நான் மைக்கில் சாவு சொன்னால் சும்மா இருப்பார்களா? எதிர்வீட்டுக் கிழவிக்கு வாய் நீளம். பஸ்ஸுக்குப் போகும்போது கேட்டாள்.

"ஏன்டி, மாமனாரு காலால சொன்னாரு, மருமவ வாயால சொல்றியா? ஒரு குடும்பமா கௌம்பிட்டீங்க."

"மாமனாரு ஊர்த் தெரு சாவ மட்டும் சொன்னாரு. நான் எல்லாத் தெரு சாவும் சொல்றேன். நீ போனாலும் நான்தான் சொல்லணும், மருவாதியா பேசு."

"அடிப்பாவி, நான் எங்கடி போறேன்?" என்று சிரித்தாள்.

சண்டைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஊர்த் தெருப் பெரியவர் போனாலும், எங்கள் தெருக் கூலிக்காரர் போனாலும், பரங்கிப்பேட்டை பாய் வீட்டில் மௌத் என்றாலும் எனக்கு ஒரே குரல்தான். ஒருத்தருக்கு ஏற்றி, ஒருத்தருக்கு இறக்கிச் சொன்னதில்லை. மைக்குக்கு முன்னால் தெரு ஏது? என் வீட்டுக்காரர் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. தினம் காலையில் செல்போனில் ரேடியோவை வைத்துக் கேட்பார். நான் வந்தால், "இன்னைக்கு ஜாஸ்தி இருமுன" என்பார். அவ்வளவுதான்.

என் நாத்தனார் அவருக்கு அக்கா. தாய் சீக்கிரம் போனதால் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். கடலூர் செம்மண்டலத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் மகன் படித்து, கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஏதோ ஒரு ஆபீசில் வேலைக்குப் போய், அங்கேயே மாடி வீடு கட்டியிருந்தான். நாத்தனாருக்கு மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். சாவதற்கு முந்தின வாரம்தான் நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். "கோடியில பச்சக் கலரு எடுத்துடாதடா, எனக்கு ஆவாது" என்று தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை செத்தால், பிறந்த வீட்டுக் கோடி வந்து அவள் மேல் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அண்ணனோ தம்பியோ அந்தத் துணியைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவா என்று சொல்ல, சாவு வீட்டிலிருந்து ஒரு ஆள் பிறந்த வீட்டு வாசலுக்கு நேரில் வர வேண்டும். ஊர்த் தெருவுக்குப் போவதை நிறுத்தினோமே தவிர, எங்களுக்குள் இதை நிறுத்தவில்லை.

அன்றைக்கு நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மைக் பெண் வாசலிலேயே நின்றது. கையில் போன்.

"அம்மா, உங்களுக்குத்தான். கடலூர்லேர்ந்து."

நாத்தனார் மகன். "அத்த, அம்மா போயிடுச்சு. விடியக்காலைல. மாமா செல்லு போகவே மாட்டேங்குது."

எங்கள் ஊரில் முந்தின நாள் சாயங்காலம் போன கரண்ட் காலையில் நான் கிளம்பும்போதுதான் வந்தது. செல் செத்துக் கிடந்தது; அப்போதுதான் சார்ஜில் போட்டார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துடலாம்னு இருக்கோம் அத்த. நீங்க ரேடியோவுல சொல்லிடுங்க. மாமா கேட்டுடுவாரு. அந்தப் பக்கம் இருக்கற நம்ம சனமும் ஒரே தடவைல கேட்டுடும்."

"சரிப்பா" என்றேன். நேரம் ஆகிவிட்டது என்று உள்ளேயிருந்து கையைக் காட்டினார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றால் பஸ் பிடித்து, இறங்கி, நடந்து போய்ச் சேர வேண்டும். அதற்குள் கடலூரிலிருந்து யாராவது யாருக்காவது போன் பண்ணி, அது கை மாறி வாய் மாறி அவர் காதுக்குப் போகும். அதைவிட என் குரலில் கேட்கட்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

அவன் போனில் சொன்னதை மைக் பெண் பேப்பரில் எழுதி வைத்திருந்தது. இன்னாரின் மனைவி, இன்ன ஆபீசில் வேலை செய்யும் இன்னாரின் தாயார், இன்ன மணிக்கு நல்லடக்கம். நான் அதில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி, என் மாமனார் பேரைச் சொல்லி, "அவர்களின் மூத்த மகள்" என்றேன். அவர் பேருக்குப் பின்னால் "அவர்கள்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் பித்தானை அமுக்கினார்கள். அப்புறம்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்தேன். அவர் கிளம்பி நிற்பார், சட்டை மாற்றியிருப்பார், துணி எடுக்கப் பரங்கிப்பேட்டைக்குப் போயிருந்தாலும் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பனியன், லுங்கி. முகச் சவரம்கூடப் பாதியில் நின்றிருந்தது. சார்ஜில் போட்ட செல் ஜன்னலில் கிடந்தது.

"கேட்டீங்களா?" என்றேன்.

"கேட்டேன்."

"அப்ப கௌம்புங்க. நாலு மணிக்கு எடுக்கறாங்களாம். துணி எடுக்கணும், வண்டி பிடிக்கணும்."

"யாரும் வந்து சொல்லலியே."

எனக்கு முதலில் புரியவில்லை. "நான் சொன்னனே. ரேடியோவுல."

"ரேடியோ எல்லாருக்கும் சொல்லுது. மாட்டு டாக்டரு வர்றாருன்னு சொல்லிட்டு அடுத்தாப்புல எங்கக்கா செத்துப்போச்சுன்னு சொல்லுது. எனக்குன்னு யாரு வந்தா?"

"உங்கப்பா பேரச் சொன்னேன், கேட்டீங்களா?"

"கேட்டேன். நல்லாச் சொன்ன. அதுக்காக ரேடியோவுக்கு மருவாத உண்டு. நான் அதச் சொல்லல." தாடையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். "எங்கப்பன் கண்டவன் ஊட்டு சாவுக்கெல்லாம் நடந்தான். கால்ல ஆணி இருந்துச்சு, தெரியுமா உனக்கு? செருப்பு போட்டுக்கிட்டு அந்தத் தெருவுல போவ முடியாது. அவன் பொண்ணு செத்ததுக்கு அவன் ஊட்டு வாசலுக்கு ஒருத்தன் வர மாட்டானா?"

"பையனுக்குத் தெரியாதுங்க. சின்னப் பையன்."

"தெரியணும்."

"உங்க செல்லு வேல செய்யலன்னுதான் எனக்குப் போன் பண்ணான்."

"போனு வேற, ஆளு வேற. தெரியறதுக்கா ஆளு வர்றது?"

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஒரு டீ குடித்ததுதான். வாதாட என்னிடம் பலம் இல்லை. தினம் ஊரார் குறையைக் கேட்டுக் கேட்டு, என் வீட்டில் ஒரு குறை வந்தபோது அதே மாதிரி "பாக்கறோம், சொல்றோம்" என்றுதான் எனக்கு வாயில் வந்தது. அவருக்கு அக்கா மேல் இருந்த பாசம் எனக்குத் தெரியும். அவர் போகாமல் அங்கே எடுத்துவிட்டால், மிச்சம் இருக்கிற வருஷமெல்லாம் அவர் அந்த நாற்காலியிலேயேதான் உட்கார்ந்திருப்பார். எழுந்து கிளம்புங்கள் என்று சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார். இரண்டும் எனக்குத் தெரிந்தது.

அவர் செல்லை எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய் நாத்தனார் மகனுக்குப் போட்டேன்.

"அத்த, மாமா கௌம்பிட்டாரா? எல்லாரும் கோடி எப்ப வரும்னு கேக்கறாங்க."

"ஒரு ஆள அனுப்புப்பா."

"எதுக்கு?"

"சொல்றதுக்கு."

"ரேடியோவுல சொல்லியாச்சுல்ல அத்த? நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். அது போதலப்பா. ஒரு ஆளு வந்து வாசல்ல நின்னு சொல்லணும்."

பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. யாரோ பந்தல்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"அத்த, மாமாவுக்குத் தெரியாதா? இந்தத் தெருவுல எல்லாரும் வேலைக்குப் போறவங்க. நம்ம சனம் ரெண்டு வீடு. நான் யாரக் கூப்ட்டு, 'போயி சாவு சொல்லிட்டு வா'ன்னு சொல்லுவேன்? தாத்தாவ அப்படித்தான சொன்னாங்க? அந்த வார்த்தய நான் ஒருத்தர்கிட்ட சொல்லணுமா? என் வாயால வராது அத்த. வெட்டிப் போட்டாலும் வராது."

ரெண்டு பேருக்கும் வலி ஒரே இடத்தில்தான். ஒருத்தருக்கு ஆள் வரவேண்டும், இன்னொருத்தனுக்கு ஆளை அனுப்பக் கூடாது. நடுவில் நான் வேப்ப மரத்தடியில் செல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"நீ போன்னு ஏவாத," என்றேன். "அம்மா செத்துட்டாங்க, எங்க மாமாவக் கூட்டிக்கிட்டு வர்றியான்னு கேளு. உன் கூடப் பழகுறவங்க யாரும் இல்லியா? ஏவுனாத்தான்டா அது வேல. கேட்டா வேற."

"மாமா ரொம்பப் பண்றாரு அத்த."

"பண்றாருதான். உங்கம்மா வளத்த பிள்ள, அப்படித்தான் இருக்கும்."

அவன் போனை வைத்துவிட்டான்.

அப்புறம் காத்திருந்ததுதான் பெரிய பாடு. தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது. போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் கேட்டுவிட்டு எங்கள் பங்காளிகளே வண்டி வைத்துக் கிளம்பிவிட்டார்கள். "நீ வரலியா சித்தப்பா?" என்று வண்டியிலிருந்து ஒருத்தன் கேட்டான். இவர் தலையை மட்டும் ஆட்டினார். எதிர்வீட்டுக் கிழவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அன்றைக்கு அவள் ஒன்றும் குத்திப் பேசவில்லை. வெயில் ஏறியது. நாற்காலியைக்கூட அவர் நிழலுக்கு நகர்த்தவில்லை. ஒருவேளை அந்தப் பிள்ளை யாரையும் கேட்கமாட்டான், நான் தனியாகத்தான் போகவேண்டியிருக்கும், பிறந்த வீட்டுத் துணியை மருமகள் கொண்டுபோனால் ஏற்பார்களா மாட்டார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்கத் தூக்கம் வந்தது. துக்கத்திலும் தூக்கம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மதியம் திரும்பும் நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் தெருமுனையில் வந்து நின்றது. பேண்ட், சட்டை, கழுத்தில் ஒரு சிலுவை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பது முப்பத்தைந்து வயசு இருக்கும். எங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"சார், நீங்கதான…"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் எழுந்தார்.

"ஆமாம்பா. சொல்லு."

"நான் அவரு கூட ஆபீஸ்ல வேல செய்யறேன், சார். ரேடியோவுல சொன்னாங்களாம், கேட்டிருப்பீங்க…"

"கேட்டது இருக்கட்டும். நீ எதுக்கு வந்த, அதச் சொல்லு."

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "சார், உங்க அக்கா… அம்மா தவறிட்டாங்க. இன்னைக்குக் காலைல. சொல்லிட்டு, உங்களக் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு."

"எப்ப எடுக்கறாங்க?"

மணி சொல்வார் என்று நான் நினைத்தேன். அவர் சொன்னார்: "நீங்க வந்தப்புறம் சார்."

என் வீட்டுக்காரர் தோளில் இருந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த ஆபீஸ்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "தப்பா ஏதாவது சொல்லிட்டனாம்மா?" என்று கேட்டார். இல்லையப்பா என்று கையைக் காட்டினேன். துக்கம் சொல்ல வந்தவர் உள்ளே வந்து உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. கிழவி ஓடிப்போய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் ஊற்றவில்லை. செம்பையே அவர் கையில் கொடுத்தாள். அவர் நின்றபடி மடமடவென்று குடித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் துணி எடுத்துக்கிட்டு வண்டியில வாங்க, நான் முன்னாடி போயிட்டு வர்றேன் சார்—"

"வர்றேன்னு சொல்லாத, சாவு ஊட்டுக்குப் போறவன்!" என்று கிழவி அதட்டினாள். அந்த ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாடகைக்கு ஒரு வண்டி பிடித்து, பரங்கிப்பேட்டையில் பாய் கடையில் நிறுத்தித் துணி எடுத்தோம். கடைக்காரர் முதலில் ஒரு பச்சையை எடுத்துப் போட்டார். "பச்ச வேணாம்" என்றார் இவர், வேகமாக. அரக்கு எடுத்தோம். கடலூர் வரைக்கும் வழியெல்லாம் போன புயலில் விழுந்த மரங்களின் வேர் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. இவர் துணிப் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. முனகிக்கொண்டுதான் காத்திருந்தார்கள். வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களை ஒருமாதிரி பார்த்தார்கள். இவர் யாரையும் பார்க்காமல் நேராகப் போய், துணியைப் பிரித்து, அக்காவைக் கழுத்து வரைக்கும் மூடினார். பிறகு மடிப்பைச் சரி செய்தார். சின்னப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் காலடியில் இழுத்துவிட்டார். நாத்தனார் மகன் பக்கத்தில் வந்து நின்றான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஆளு வந்தாரா மாமா?"

"வந்தான்."

"நல்லா சொன்னாரா?"

"ஒழுங்கா சொல்லத் தெரியல. ஆனா வந்தான்." அவன் தோளில் கையை வைத்தார். "அவன நீ ஏவுனியா?"

"இல்ல மாமா. கேட்டேன். அழுதுட்டேன். அவரே வண்டிச் சாவிய எடுத்துட்டாரு."

அதற்கப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். பொம்பளைகள் ஒப்பாரியை எடுத்தார்கள். நான் ஒரு ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கருமாதி முடிகிற வரைக்கும் நான் நிலையத்துக்குப் போகவில்லை. முடிந்த மறுநாள் காலையில் கிளம்பினேன். இவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"போறியா?"

"போறேன்."

"சாவு சொல்லுவியா?"

"வந்தா சொல்லுவேன்."

"போன் பண்ற ஆளக் கேளு. பொறந்த ஊட்டுக்கு ஆளு போயாச்சான்னு கேட்டுட்டுச் சொல்லு."

சட்டம் போடுகிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

கேட்டேன். அன்றைக்கு முதலில் வந்த போன் ஊர்த் தெருவிலிருந்து. ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. அவர் பாட்டி செத்துவிட்டார்கள்.

"பாட்டி பொறந்த வீட்டுக்கு ஆள் போயாச்சுங்களா?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் நீ எதுக்கும்மா கேக்கற? சொல்றது உன் வேல, சொல்லு. யாரு இருக்கா இப்ப போய்ச் சொல்றதுக்கு?"

"நீங்க இருக்கீங்களே தம்பி," என்றேன். "வண்டி வச்சிருக்கீங்க. போயிட்டு வந்துடுங்க. நீங்க திரும்பறதுக்குள்ள இங்க நான் ரேடியோவுல சொல்லி வைக்கறேன்."

அவர் படக்கென்று வைத்துவிட்டார். மைக் பெண் என்னைப் பார்த்தது. "என்னம்மா செய்யறது?" என்றது.

"பேப்பரப் படி," என்றேன்.

அது படித்தது. நான் சொன்னேன், எல்லாருக்கும் சொல்கிற அதே குரலில். அந்தப் பிள்ளை போனாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதற்கப்புறமும் ஒவ்வொருத்தரையும் கேட்டேன். சிலபேர் போயாச்சும்மா என்றார்கள். சிலபேர் திட்டினார்கள். ரேடியோக்காரிக்கு வாய் கொழுத்துவிட்டது என்று நிலையத்துக்கே வந்து சொன்னவர்களும் உண்டு. குழாயைக் கேட்பது, வாய்க்காலைக் கேட்பது என்று ஏற்கெனவே கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அதோடு இதுவும் ஒன்று சேர்ந்துகொண்டது. இடுப்பு வலி மட்டும் அப்படியே இருந்தது.